ஒன்பது நிமிடச் சலுகை

நான் உப்புப் பாத்தியில் குப்புற விழுந்தபோது என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை பச்சையாகத்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பச்சை என்றால், 'உங்கள் உடல் நலமாக உள்ளது, வேலையைத் தொடரலாம்' என்று பொருள். அந்தப் பட்டைக்கு எது பச்சை, எது சிவப்பு என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஆகவே நான் விழுந்துவிட்டேன் என்பதை முதலில் நம்ப மறுத்தவனும் நான்தான். வாய்க்குள் உப்பு போன பிறகே ஒப்புக்கொண்டேன்.

தனியாக விழுந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். பக்கத்தில் நின்ற மாவட்டத் தொழிலாளர் அதிகாரியின் குடைக் கம்பியை எட்டிப் பிடித்தேன். குடை வந்தது. குடையோடு அதிகாரியும் வந்தார். எங்கள் இருவரையும் தாங்குவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்திராத களிமண் வரப்பு உடைந்தது. பக்கத்துப் பாத்தியின் தண்ணீர் உள்ளே புகுந்து, மறுநாள் வாருவதற்குத் தயாராக விளைந்து கிடந்த உப்பைச் சேற்றுக் கஞ்சியாக்கிவிட்டுப் போனது.

எங்களைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் மோர் குடித்தேன். அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பல்லைக் கடித்தபடி "பரவால்ல" என்றார். இவ்வளவும் முடிந்த பிறகு என் பட்டை சிவப்பாகி, விமான நிலையத்தில் கேட்கும் குரலில் கொஞ்சியது:

"தயவுசெய்து நிழலுக்கு வாருங்கள். உங்கள் நலனே எங்கள் நலன்."

கொட்டகையில் உட்கார்ந்திருந்த உப்பளப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"இப்பதான் அதுக்குத் தூக்கம் தெளிஞ்சிருக்கு," என்றாள் ஒருத்தி.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருந்த, நெடுநெடுவென்ற அம்மாள். என்னருகே வந்து, "நீங்க ரெண்டாவது சார்," என்றாள்.

"எதுல ரெண்டாவது?"

அவள் அளத்து மேனேஜரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உப்பை வாரும் நீளக் காம்புள்ள தன் வாருபலகையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டாள்.

என்னை யாரும் வெயிலில் நிற்கச் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. திறந்த வெளியில் வேலை செய்பவரை, அவர் உடம்பு கைவிடுவதற்கு முன்பாக நிழலுக்கு அழைத்துவிட வேண்டும் என்பது சட்டம். எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் எங்கள் வெயிலோன் நிறுவனம் கடை விரித்தது. நாடித் துடிப்பு, தோலின் சூடு, வியர்வை, காற்றின் ஈரம் எல்லாவற்றையும் பார்த்து, இன்னார் இன்ன நிமிடத்தில் தளர்வார் என்று ஊகித்துக் கூப்பிடும் பட்டை. நான்கு மாதமாகத் தூத்துக்குடிப் பக்கம் இந்த ஓர் உப்பளத்தில் சோதனை. அடுத்த திங்கட்கிழமை மாநிலம் முழுக்க, நாற்று நடுபவர் முதல் ரோடு போடுபவர் வரை. அதற்குமுன் அதிகாரிக்கு ஒரு செயல்விளக்கம். "யாரையும் கஷ்டப்படுத்த வேண்டாம், நானே கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று தொப்பிகூடப் போடாமல் பாத்தியில் இறங்கிய தியாகி நான். நாற்பத்தொரு வயது, தொந்தி, குளிர்பதன அறையில் பதினைந்து வருட அனுபவம். கோமதிநாயகம் என்று பெயர். சங்கரன்கோயிலில் பிறந்தவன் வெயிலுக்குப் பயப்படுவானா என்று அதிகாரியிடம் வசனம் வேறு பேசியிருந்தேன்.

மத்தியானம் விருந்தினர் அறையில் ஈரத் துண்டோடு கிடந்தபோது சென்னையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். விஸ்வேஸ்வரன் என்று வீட்டில் வைத்த பெயரை, முதலீட்டாளர்களின் நாக்கு நோகக் கூடாதே என்று விஷ் ஆக்கிக்கொண்டவர்.

"கோம்ஸ், ஆர் யூ ஓகே? வீடியோ பாத்தேன். பாவம் அந்த ஆபீசர்."

"விஷ், பட்டை லேட்டா அடிச்சுது."

"நீங்க ட்ரெய்னிங் டேட்டாவுலயே இல்லியே. அது சால்ட் வொர்க்கர்ஸ பாத்துக் கத்துக்கிட்டது. நீங்க ஒரு ஏசி வொர்க்கர்."

"அப்ப லேட்டுன்னு ஒத்துக்கறீங்க."

"லேட்ங்கறதே ஒரு ரிலேட்டிவ் டேர்ம் கோம்ஸ். இட் வாஸ் வித்தின் டாலரன்ஸ்."

"லேட்டா, இல்லையா?"

"அந்தக் கேள்விய அப்படி ஃப்ரேம் பண்ணக் கூடாது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க அங்க இருக்கறப்பவே இன்னொரு சின்ன வேலை. ஒரு ஃபார்ம் அனுப்பிருக்கேன். மாடலை டிசைன் பண்ணவர் சைன் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள க்ளோஸ் பண்ணினாத்தான் மண்டே லாஞ்ச்."

ஃபார்ம் போனில் வந்து விழுந்தது. நிகழ்வு முடிப்புப் படிவம். பணியாளர்: சண்முகக்கனி, வயது 46. மூன்று வாரத்துக்கு முன் இதே உப்பளத்தில் வேலையில் இருக்கையில் விழுந்தவர். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு இடது கை தூக்க வரவில்லை. காரணம்: ஒரு காலிக் கட்டம்.

"எனக்கு ஏன் இத யாரும் சொல்லல?"

"ஏன்னா அது நம்ம இஷ்யூ இல்ல. விழும்போது பட்டை பச்சையா இருந்துது. பச்சைன்னா வெயில் இல்ல. காரணம்ல 'வெப்பம் சாராதது'ன்னு போட்டு சைன் பண்ணுங்க. சிம்பிள்."

சிம்பிள்தான். வெயிலால் விழுந்தவரென்றால் சட்டப்படி அளம் அவரைக் காப்பாற்ற வேண்டும். கை தேறினால் வேலை, தேறாவிட்டால் மாற்று வேலை. வெப்பம் சாராதது என்றால் அவர் உடம்பே சரியில்லாதவர், பணிக்குத் தகுதியற்றவர். அந்த முத்திரை பட்டையின் பதிவேட்டில் ஏறிவிட்டால் இந்தக் கடற்கரையில் எந்த அளத்திலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு மாநிலத்தில் எங்குமே சேர்க்கமாட்டார்கள்.

நான் வீரனில்லை. கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் இன்னும் உப்பு கரித்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இது ஏன் நடந்தது என்று வளைக்காமல் சொல்லிவிட்டால், அதை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ரொம்பச் சுலபமான சபதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் சுயம்புலிங்கத்திடம் கேட்டேன்.

"அது பழைய நோவு சார்," என்றார்.

"என்ன நோவு?"

"என்னமோ நோவு. பொம்பளையளுக்கு ஆயிரம் இருக்கும்."

"வெயில்ல விழுந்தாங்களா, நோவுல விழுந்தாங்களா?"

"வெயிலும் இருந்திச்சு. நோவும் இருந்திச்சு. நாம யாரு சார் அதச் சொல்ல?"

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பார்த்த டாக்டர், "பல காரணங்கள்," என்றார். அதில் ஒரு காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 

மனிதர்கள் சொல்லாததால், வேறு வழியில்லாமல், சண்முகக்கனியுடைய பட்டையின் பதிவைத் திறந்தேன். விழுந்தது பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. பட்டை சிவப்பானது பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு. என் பட்டையின் பதிவையும் திறந்தேன். இரண்டுக்கும் ஒரே கணக்கு.

ஒன்பது. ஒன்பது.

சில எண்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், வீட்டுக்கு வந்த விருந்தாளி நம் அழுக்குத் துணியைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல. அந்த ஒன்பது என் அழுக்குத் துணி.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாத்திக்குப் போனேன். நான் உடைத்த வரப்பை அந்தப் பெண்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்று கேள்வி கேட்க வெட்கப்பட்டு, மண் சுமக்கும் சட்டியைத் தூக்கினேன். இரண்டாவது நடையிலேயே சட்டி கால்மேல் விழுந்தது.

"எய்யா, நீங்க கட்டுத வரப்ப நாங்க திரும்பக் கட்டணும். பேசாம உக்காருங்க," என்றாள் நெட்டையான அம்மாள். பெயர் ஜெபக்கனி. எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு மூத்தவள். சண்முகக்கனி விழுந்த பிறகு ஏழு பேர்.

நான் வரப்பில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றாள், மண்ணை மிதித்துக்கொண்டே. "நீங்க மெட்ராஸ்ல என்ன வேல பாக்குதீய? மேனேஜர்ட்ட கேட்டா மெஷின்லாம் அவருதாங்காவ."

"மெஷின் இல்ல. மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கற எடத்துல இருக்கேன். யாருக்கு எப்ப முடியாமப் போகும்னு அது ஊகிக்கணும். தப்பா ஊகிச்சா அடி விழும். எவ்வளவு தப்புக்கு எவ்வளவு அடின்னு எழுதிக் குடுக்கறது என் வேலை."

"அப்ப வாத்தியாரு."

"வாத்தியார் வேற ஆளு. நான் பிரம்பு."

பக்கத்தில் மண் குழைத்தவள் சிரித்தாள். ஜெபக்கனி சிரிக்கவில்லை. "எப்படி அடிப்பீய?"

இதைத் துறையில் இழப்புச் சார்பு என்போம். தவறுக்கு விலை போடும் சூத்திரம். எல்லாத் தவறுக்கும் ஒரே விலை போட்டால் அது சாதாரணச் சூத்திரம். இன்ன எல்லை வரை ஒரு விலை, அதற்கப்பால் வேறு விலை என்று துண்டு துண்டாக வெட்டித் தைத்தால் அது தனித்துவமான படைப்பு. மாநாட்டில் கைதட்டுவார்கள். எனக்கும் தட்டினார்கள்.

"மூணு துண்டு," என்றேன். "உண்மையா முடியாமப் போற நேரத்துக்கு முன்னாடியே கூப்பிட்டா ஓங்கி அடி. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அடி."

"முன்னாடி கூப்பிட்டா நல்லதுதான? அதுக்கு எதுக்கு அடி?"

"முதலாளிமாரு பட்டைய வாங்கணும்லா."

"ம்."

"ரொம்ப லேட்டாக் கூப்பிட்டா, ஒன்பது நிமிஷத்துக்கு மேல போனா, தோலை உரிச்சிரும். நடுவுல ஒரு துண்டு. ஒரு நிமிஷத்துல இருந்து ஒன்பது நிமிஷம் வரைக்கும் லேட்டானா அடியே கெடையாது. சலுகை."

ஜெபக்கனி மிதிப்பதை நிறுத்தினாள்.

"எங்க தெருவுல கூட்டுறவு பேங்க் இருக்கு சார். பத்து மணிக்குத் தொறக்கணும். பத்து நிமிசம் சலுகை உண்டாம். பத்து பத்துக்கு முன்ன ஒரு நாளாவது தொறந்து பாத்ததில்ல."

பதினைந்து வருட அனுபவத்துக்கும் கைதட்டலுக்கும் பிறகு எனக்கு உறைக்காதது இதுதான். முன்னால் நெருப்பு. பின்னால் ஒன்பது அடி புல்தரை. அதற்கும் பின்னால் முள்வேலி. இப்படி ஓர் இடத்தில் எருமையை விட்டால் நெருப்பை விட்டு விலகி விலகி, வேலியில் முதுகு உரசும் இடத்தில் போய்த்தான் நிற்கும். என் இயந்திரம் எருமையைவிட மோசமில்லை. நான் சும்மா கொடுத்த ஒன்பதையும், ஒரு நிமிடம் மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டது.

"சரி," என்றாள் ஜெபக்கனி. "பத்தில்ல, அஞ்சில்ல. ஏன் ஒம்பது?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ராத்திரி முழுக்கப் பயந்தேன்.

"போன வருஷம் உங்க கையில வெறும் பட்டை கட்டினோம்லா, கூப்பிடாத பட்டை? நீங்க எப்பக் கரையேறுதீங்கன்னு மட்டும் எழுதிக்கிட்டோம். அதை வெச்சுத்தான் அதுக்குப் பாடம். அதுல ஒரு விசயம் பாத்தேன். எட்டுப் பேரும் ஒரே நிமிஷத்துல கரையேறியிருந்தீங்க. ஒருத்தருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. மத்த ஏழு பேருக்கு ஒண்ணும் இல்ல, இன்னும் நிக்கலாம். தினமும் இப்படித்தான். அந்த ஏழு பேரு சராசரியா இன்னும் எத்தனை நிமிஷம் நின்னிருக்கலாம்னு கணக்குப் போட்டேன். ஒன்பது வந்துச்சு."

"அதுக்கு?"

"நீங்க... பேச்சுத் துணைக்குச் சீக்கிரமாவே ஏறிடுதீங்கன்னு நெனச்சேன்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. தப்பைச் சொல்ல ஆரம்பித்தால் பின்குறிப்போடு சொல்லுவேன்.

"புரோகிராம்ல அந்த ஒன்பதுக்கு ஒரு பேரு வைக்கணும். 'வெட்டிப்பேச்சு'ன்னு வெச்சேன்."

ஜெபக்கனி என்னைப் பார்க்கவில்லை. வரப்பில் சாய்த்து வைத்திருந்த தன் வாருபலகையை எடுத்தாள். நீளக் காம்பைத் தலைகீழாகத் திருப்பி, ஈர மண்ணில் ஓங்கி நட்டாள். பலகை மேலே, காம்பு கீழே. தூரத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த நான்கு பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அவ்வளவுதான். நால்வரும் பலகையைப் போட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருவர் பின் ஒருவராகக் கரையேறி வந்தார்கள். மண் குழைத்த இருவரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். ஏன் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

"இப்ப சொல்லுங்க," என்றாள் ஜெபக்கனி. "எங்கள்ல யாருக்கு முடியல?"

"உங்களுக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன். ஆனா இவளுவளுக்கு அது தெரியுமா? தெரியாது. கேக்கவும் மாட்டாளுவ. தல சுத்தினவ பலகைய நடுவா. நட்டா எட்டுப் பேரும் ஏறணும். யாரு நட்டான்னு பேச்சே வரக் கூடாது. வந்தா, நாளைக்கி மேனேஜர் அவளத்தான் வேண்டாம்பாரு. இது எங்க அம்மைக்கு முன்னால இருந்து உள்ள சட்டம். உங்க வெயில் சட்டம் நேத்து வந்துச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் சீக்கிரம் ஏறினார்கள் என்பது உண்மை. ஒருத்தி மட்டும் சரியான நிமிடத்தில், கடைசி நிமிடத்தில் ஏறினாள். அவளை மறைக்கத்தான் மற்ற ஏழு பேரும் ஏறினார்கள். நான் ஏழு பேரின் சோம்பலைத் திருத்துவதாக நினைத்து ஒன்பது நிமிடம் கூட்டினேன். அந்த ஒன்பது அந்த ஒருத்தியின் தலையில் போய் விடிந்தது.

கொட்டகை வாசலிலிருந்து சுயம்புலிங்கம் கத்தினார்: "ஏட்டி, பட்டை பச்சையாத்தான கெடக்கு! என்னத்துக்குக் கரையேறுதிய?"

பெண்கள் மறுபடியும் ஒருவர் பின் ஒருவராகப் பாத்தியில் இறங்கினார்கள்.

"பாத்தீயளா," என்றாள் ஜெபக்கனி, பலகையைப் பிடுங்கியபடி. "நாலு மாசமா நாங்க இத நடல. முந்தியெல்லாம் மேனேஜர் எங்க மொகத்தப் பாப்பாரு. எட்டு மொகம், எவள்னு கண்டுபிடிக்க முடியாது. இப்பக் கையப் பாக்காரு. ஒவ்வொருத்தியா அது கூப்பிடுது. ஒவ்வொருத்தியா ஏறுதோம். கடைசியில ஒருத்தி மட்டும் நடுப் பாத்தியில நிப்பா. பச்சைக்காரி. அவ விழுந்தா, பாக்க ஆளு கெடையாது."

"சண்முகக்கனி அப்படித்தான் விழுந்தாங்களா?"

அவள் பாத்தியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டையாலதான் அவங்க விழுந்தாங்களா? ஆமா, இல்ல. அவ்வளவுதான். கட்டத்துல எழுதிருவேன்."

"எழுதிட்டு நீங்க மெட்ராசுக்குப் போயிருவீய. நான் நாளைக்கும் இதே பாத்தியில நிக்கணும்." பலகையின் மண்ணை வழித்தாள். "விழுந்தது அவ. அவகிட்ட போய்க் கேளுங்க. காலனியில மூணாவது வீடு. போகும்போது ஏதாவது வாங்கிட்டுப் போங்க, கைய வீசிக்கிட்டு நிக்காதீய."

சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கை வராதவருக்கு உரிக்க வேண்டிய பழம். கதவைத் தட்டிய பிறகுதான் அது தோன்றியது. இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கத் தெரியாதவன், மாநிலத்தின் உடம்புகளைக் கணிக்கிறேன் என்று கிளம்பியிருக்கிறேன்.

சண்முகக்கனி சிறிய உடம்புக்காரர். தரையில் உட்கார்ந்து வலது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இடது கை மடியில், தூங்கும் பூனைபோலக் கிடந்தது.

"நீங்க விழுந்தீயளாம்லா," என்றார், நான் யாரென்று சொன்னதும். "அடி பட்டுச்சா?"

"இல்லக்கா. வாயில கொஞ்சம் உப்பு."

"ஆபீசரையும் இழுத்துப் போட்டீயளாம். ஜெபக்கனி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நானும் ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சேன்."

முகத்துக்கு முன்னால் சிரிக்காதவள், இங்கே வந்து சிரித்திருக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் விழுகையால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பலன்.

ஆரஞ்சை நானே உரித்து ஒரு தட்டில் வைத்தேன். போனில் படிவத்தைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டேன். காரணம் என்ற கட்டத்தில் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்த வீட்டின் மின்விசிறியைப் பற்றி விசாரித்தேன். கீரையின் விலையைக் கேட்டேன்.

"சார்," என்றார் அவர், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கேக்க வந்ததக் கேளுங்க. அதுக்கு முன்ன நான் ஒண்ணு கேட்டுக்கிடுதேன். மூணு வாரமா யாருகிட்ட கேக்கன்னு தெரியல."

"கேளுங்க."

"எம் ஒடம்பு பொய் சொல்லுதா?"

"என்னக்கா?"

"இருபத்தேழு வருசமா பாத்தியில நிக்கேன். எப்ப ஏறணும்னு ஒடம்பு சொல்லும், ஏறுவேன். ஒருக்காகூட விழுந்ததில்ல. இப்ப வீட்டுக்குள்ள எந்திரிச்சா தல சுத்துத மாதிரி இருக்கு. நெசமாச் சுத்துதா, இல்ல சும்மாவான்னு தெரியல. பசிச்சாக்கூட நெசமாப் பசிக்கான்னு யோசிக்கேன். மெஷின் பச்சன்னு சொல்லிச்சு. டாக்டரு ஒண்ணும் சொல்லல. மேனேஜரு பழைய நோவுங்காரு. எனக்கு ஒரு நோவும் கெடையாது. அப்ப எது பொய்யி?"

"அது வந்துக்கா... அதுல பல காரணம் இருக்கு. பட்டை ஒரு ஊகம்தான் சொல்லும். ஊகம்னா கொஞ்சம் முன்னப் பின்ன..."

என் வாயிலிருந்து விஷ்ஷும் டாக்டரும் சுயம்புலிங்கமும் மாறி மாறிப் பேசுவது எனக்கே கேட்டது. இரண்டு நாளாக நேரான பதில் கேட்டு ஊரெல்லாம் அலைந்தவன், முதல் ஆள் என்னிடம் கேட்டதும் எப்படி வளைகிறேன் பாருங்கள். எனக்கும் நான் ஒரு சலுகைத் துண்டு தைத்து வைத்திருந்தேன் போல.

அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இல்லக்கா," என்றேன். "உங்க ஒடம்பு பொய் சொல்லல. பட்டைதான் ஒன்பது நிமிஷம் லேட்டு. அத லேட்டாக்குனது நான். உங்களப் பத்தித் தெரியாம, தெரிஞ்ச மாதிரி ஒரு கணக்குப் போட்டேன்."

சண்முகக்கனி வலது கையால் இடது கையை எடுத்து மடியில் கொஞ்சம் சரியாக வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டார். பாரத்தை இறக்கி வைப்பவரின் மூச்சு அது. எனக்குத் திட்டே தேவலை என்றிருந்தது.

"ஒடம்பு பொய் சொல்லலையா," என்றார் மெதுவாக. "அது போதும்." பிறகு ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இப்ப நீங்க கேளுங்க."

"அன்னைக்கு என்னக்கா நடந்துச்சு?"

"மத்தவளுவளெல்லாம் ஏறிட்டாளுவ. நாந்தான் நடுவுல. தல லேசாச் சுத்துச்சு. கண்ணு முன்னால உப்பு கறுப்பாத் தெரிஞ்சிச்சு. வெள்ள உப்பு கறுப்பாத் தெரிஞ்சா ஏறிரணும், அது கணக்கு. பலகையத் திருப்பிட்டேன், நடுததுக்கு. பொறவு கையப் பாத்தேன். பச்ச. இம்புட்டுப் படிச்சவிய செஞ்ச சாமான் பச்சங்குது, நாம எதுக்கு வீணா நடணும்னு நெனச்சேன். பலகைய நேராத் திருப்பித் திரும்பவும் வார ஆரம்பிச்சேன். அதுக்கு மேல ஞாவகம் இல்ல."

என் முழங்காலில் அந்தக் கோடு துடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, கையில அந்தப் பட்டை இல்லாம இருந்திருந்தா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நட்டிருப்பேன்."